ஊருக்குத் தெரிந்த கொலை, நீதிமன்றத்தில் நிற்காத வழக்கு: ஜோசப் பரராஜசிங்கம் கொலையை இணையத்தில் துப்பறிகிறவர்களுக்கு

நத்தார் காலம் வந்தால், இல்லாவிட்டால் பழைய பெயர் யாராவது செய்தியில் அடிபட்டால், 2005 நத்தார் திருப்பலியில் மட்டக்களப்புப் பேராலயத்துக்குள் சுடப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தின் கொலை மறுபடியும் முகநூலில் மேலே வந்துவிடும். இந்தக் கொலை வழக்கில் ஒருமுறை கைதாகி விடுவிக்கப்பட்ட பிள்ளையான் 2025 ஏப்ரலில் வேறொரு விவகாரத்தில் கைதானபோதும் அப்படித்தான். பேராலயத்தின் படத்தைப் போட்டு அம்புக்குறி கீறுகிறார்கள், எந்தக் கதவால் வந்தார்கள் எந்த வீதியால் போனார்கள் என்று வாதாடுகிறார்கள், யூடியூபில் ஒருவர் அரை மணித்தியாலம் பேச அதற்குக் கீழே நானூறு பேர் பேசுகிறார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் வயதான ஒருவர் வந்து "ஆரு செஞ்சதெண்டு ஊருக்கே தெரியும் மனே, பிறகென்ன ஆராய்ச்சி?" என்று எழுதிவிட்டுப் போவார். அந்தப் பின்னூட்டத்துக்குத்தான் அதிகம் விருப்பக்குறி விழும்.

மட்டக்களப்பில் வளர்ந்த ஒருவனாக அந்தப் பின்னூட்டத்தின் வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் ஊருக்குத் தெரிந்ததை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாமல் போனதுதான் இந்த வழக்கின் முழுக் கதையும். யார் செய்தார்கள் என்று இருபது வருடமாகக் கேட்டாயிற்று. வழக்கு ஏன் விழுந்தது என்று கேட்டவர்கள் குறைவு. சாதாரண ஆட்களான நாங்கள் வீட்டிலிருந்தபடி பதில் தேடக்கூடிய கேள்வி அந்த இரண்டாவது கேள்விதான் என்பது என் எண்ணம். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஜோசப் பரராஜசிங்கம் பிறந்தது 1934 நவம்பர் 26. பத்திரிகைக்கு எழுதியவர், பிறகு தமிழர் விடுதலைக் கூட்டணி அரசியல்வாதி. 1990 மே மாதம் கொழும்பில் சாம் தம்பிமுத்து சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்த வெற்றிடத்துக்குப் பாராளுமன்றம் போனவர். அதாவது அவர் பாராளுமன்றத்துக்குள் நுழைந்ததே ஒரு கொலை விட்டுப்போன கதிரை வழியாக. கிழக்கில் கைதானவர்கள், காணாமல் போனவர்கள் பெயர்களை அவர் சபையில் வாசித்துக்கொண்டே இருந்தார். 2004 தேர்தலுக்குப் பிறகு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தேசியப் பட்டியலில் உறுப்பினரானார்.

2004 மார்ச்சை விட்டுவிட்டு இந்தக் கொலையைப் பேச முடியாது. அந்த மாதம்தான் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவர்களிடமிருந்து பிரிந்தார். 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்தம் கடதாசியில் இருந்தது, மட்டக்களப்பிலோ ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்துகொண்டிருந்தார்கள். 2004 மே 31 காலை ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் எங்கள் ஊரவரான தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டு அடுத்த நாள் சடலமாகக் கிடைத்தார். பிரிந்தவர், பிரியாதவர், இரண்டு பக்கமும் இல்லாதவர் என்று எல்லாரும் செத்தார்கள். 2005 நவம்பரில் மகிந்த ராஜபக்ச ஜனாதிபதியானார். ஒரு மாதம் கழித்து நத்தார்.

2005 டிசம்பர் 24 இரவு, புளியந்தீவில் உள்ள புனித மரியாள் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி. ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை நிறைவேற்றினார். ஜோசப் மனைவியோடு போயிருந்தார். நற்கருணை வாங்கிய சிறிது நேரத்தில் கோவிலுக்குள்ளேயே வைத்து அவரைச் சுட்டார்கள். நேரம் நள்ளிரவு ஒரு மணி தாண்டிவிட்டது. வயது 71. மனைவிக்குக் கடும் காயம், பக்கத்திலிருந்த வேறு சிலருக்கும் சூடு. சுனாமி வந்து ஒரு வருடம் நிறைவதற்கு அடுத்த நாள்தான் மிச்சம். ஆண்டுத் திவசத்துக்கு ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்த ஊர் அது, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும்.

இணையத்தில் வரும் முதல் பிழை திகதி. பாதிப் பேர் 24 என்கிறார்கள். திருப்பலி தொடங்கியது 24 இரவு, கொலை நடந்தது 25 அதிகாலை. சின்ன விசயம் போலத் தெரியும். ஆனால் ஒரு பத்திரிகைச் செய்தியையோ பாராளுமன்ற உரையையோ 2006இல் ஜனாதிபதி அமைத்த விசாரணை ஆணைக்குழுவின் பட்டியலையோ தேடப் போகிறவருக்குத் திகதி பிழைத்தால் தேடல் முழுக்கப் பிழைக்கும். ஆணைக்குழுவின் பட்டியலில் இருப்பது 25.

அடுத்தது இடம். புளியந்தீவு பெயருக்கு ஏற்றபடி தீவுதான். வாவி சுற்றி நிற்கிறது, பாலத்தாலோ தாம்போதியாலோ தோணியாலோ அல்லாமல் வெளியே போக இயலாது. அன்று நகரத்தில் ஆமி, பொலிஸ் நிற்காத சந்தி இல்லை. ஆகவே "எப்படி வந்தார்கள், எப்படிப் போனார்கள்" என்று கேட்கிறவர்கள் சரியான இடத்தில்தான் கை வைக்கிறார்கள். பேராலய வரைபடத்தில் கதவுகளை எண்ணுவதை விட இது பல மடங்கு கனமான கேள்வி. எந்தக் காவலரணில் அன்றிரவு யார் கடமை, எந்தப் பாலம் எத்தனை மணிக்கு மூடப்பட்டது, சூடு விழுந்த பிறகு எந்த நேரத்தில் வீதித் தடை போட்டார்கள், இதெல்லாம் கடமைக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டிய விசயங்கள். குறிப்பேட்டைத் தேட வேண்டியவர்கள் பேராலயத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். 2005இல் எங்கள் நகரத்தில் சந்திக்குச் சந்தி கமெரா இல்லை, பூசைக்குப் போனவர் கையில் ஸ்மார்ட்போன் இல்லை. இப்போது பகிரப்படுகிற பேராலயப் படங்கள் பெரும்பாலும் பிந்திய காலத்தவை, அவற்றை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த இரவு அவற்றுக்குள் இல்லை.

கொலை நடந்தவுடனேயே கருணா தரப்பையும் அதன் பின்னால் இராணுவப் புலனாய்வையும் பலர் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் யாரும் கைதாகவில்லை. 2006 நவம்பரில் ஜனாதிபதி, நீதியரசர் நிஸ்ஸங்க உடலாகம தலைமையில் ஆணைக்குழு ஒன்றை அமைத்தார், பாரிய மனித உரிமை மீறல் என்று பட்டியலிட்ட 16 சம்பவங்களில் இந்தக் கொலையும் ஒன்று. அதைக் கண்காணிக்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழு ஒன்றும் வந்தது. விசாரணை சர்வதேசத் தரத்துக்கு நடக்கவில்லை, சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை என்று சொல்லி 2008இல் அந்தக் குழு விலகிக்கொண்டது. 2009இல் ஆணைக்குழுவின் காலம் முடிந்தபோது 16இல் பாதியைக்கூட முடிக்கவில்லை. அந்தக் கட்டம் அவ்வளவுதான்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. அந்த வருட ஒக்டோபரில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சிலரைக் கைது செய்தது. ஒக்டோபர் 11ஆம் திகதி, கருணாவோடு பிரிந்து வந்தவர்களில் ஒருவரான சிவநேசதுரை சந்திரகாந்தன், ஊரில் பிள்ளையான், கைதானார். 2008 முதல் 2012 வரை கிழக்கு மாகாணத்தின் முதலாவது முதலமைச்சராக இருந்தவர். கைதானவர்களில் இராணுவப் புலனாய்வைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். குற்றச்சாட்டைப் பிள்ளையான் மறுத்தார். வழக்கு மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் நடந்தது. 2020 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் விளக்கமறியலில் இருந்தபடியே போட்டியிட்டு மாவட்டத்தில் ஆகக் கூடிய விருப்பு வாக்கு எடுத்தார். நவம்பரில் பிணை. 2021 ஜனவரி 11இல் வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்குச் சொன்னது, 13ஆம் திகதி எல்லாரும் விடுவிக்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில் இணையம் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம், 2019இல் மறுபடி ஆட்சி மாறியது, ஆளை விட்டார்கள் என்கிறது. மற்றப் பக்கம், பொய் வழக்கு, அதனால்தான் விழுந்தது என்கிறது. இரண்டு பக்கமும் கோபமாக எழுதுகிறார்கள், மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது என்று இரண்டு பக்கமும் சொல்வதில்லை. முழுவதையும் தீர்மானித்தது அதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வழக்கின் முதுகெலும்பு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். இலங்கையின் சாதாரண சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அதை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் போட முடியாது, சாட்சியங்கள் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும், பொலிஸ் நிலையத்துக்குள் ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி என்று. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. அதன் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும். அது அடித்தோ மிரட்டியோ வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவரும் குற்றம் சாட்டப்பட்டவர்தான். இந்தச் சட்டத்தின் கீழ் கிழக்கிலும் வடக்கிலும் எத்தனை பிள்ளைகள் தெரியாத மொழியில் கையெழுத்து வைத்தார்கள் என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். பரராஜசிங்கமே பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்த கட்சியின் ஆள். அவருடைய கொலை வழக்கைக் கொண்டுபோய் அதே சட்டத்தின் மேல் நிறுத்தினார்கள்.

வாக்குமூலத்தை ஏற்கலாமா இல்லையா என்று மட்டும் பார்க்கிற தனி விசாரணை மேல் நீதிமன்றத்தில் நடந்தது, ஏற்கலாம் என்று முடிவானது. அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள், அங்கே ஏற்க முடியாது என்று தீர்ப்பு. அது போனதும் வழக்கை எழுப்பி நிறுத்த வேறு எதுவும் அரச தரப்பிடம் இருக்கவில்லை.

இதை வாசிக்கும் யாருக்கும் அடுத்த கேள்வி தானாக வரவேண்டும். கோவில் நிறையச் சனம் இருக்கும்போது நடந்த கொலை. கண் கண்ட சாட்சி எங்கே? அந்த நிலத்தில் கிடந்த வெற்றுத் தோட்டாக்கள் எங்கே, அவை எந்தத் துவக்கிலிருந்து வந்தவை என்று பரிசோதித்த அறிக்கை வழக்கில் என்ன வேலை செய்தது? அதே துவக்கு அந்த வருடங்களில் மட்டக்களப்பில் நடந்த வேறு கொலைகளில் பாவிக்கப்பட்டதா என்று ஒப்பிட்டார்களா? சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, நீதவானின் மரண விசாரணை, தொலைபேசி அழைப்புப் பதிவு, எல்லாம் முதல் வாரத்தில் சேர்க்க வேண்டியவை. பத்து வருடம் கழித்து ஆளைப் பிடித்து வாயால் சொல்லவைத்து வழக்குக் கட்டினால் அந்த வாய்ச்சொல் போனதும் மிஞ்சுவது வெறும் சந்தேகம். சந்தேகத்தைப் பார்த்து ஒரு நீதிமன்றம் தண்டிக்கக் கூடாது, அது பிள்ளையானுக்கும் பொருந்தும், நாளைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். சட்டத்தின் முன் அவர் இந்தக் கொலையில் விடுவிக்கப்பட்டவர். அதை ஏற்றுக்கொண்டு பேசுவது அவருக்குச் செய்யும் உதவி அல்ல, நாங்கள் சொல்வதை வெளியாள் ஒருவர் நம்ப வேண்டுமானால் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஒழுக்கம். ஐந்து வருடத்துக்கு மேல் ஒருவர் விளக்கமறியலில் இருந்தார், அவ்வளவு காலத்துக்குப் பிறகும் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு ஒரு தீர்ப்பு வாசிக்கப்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழக்கு எவ்வளவு மோசமாகக் கட்டப்பட்டது என்று தெரியும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவை உலுக்கிய தொடர் கொலைகாரனை 2018இல் பிடித்ததை எங்கள் ஆட்கள் அடிக்கடி உதாரணம் காட்டுகிறார்கள், வெளியார் ஆர்வலர்கள் பல வருடம் விடாமல் கிண்டியதால் வந்த வெற்றி என்று. ஆர்வலர்கள் விடவில்லை என்பது உண்மை. ஆனால் ஆளைக் காட்டிக்கொடுத்தது 1980ஆம் ஆண்டுக் கொலையொன்றில் எடுத்து, 38 வருடம் கெடாமல் வைத்திருந்த மரபணு மாதிரி. அதைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றி உறவினர் வழியாகத் தேடினார்கள். மாதிரியைப் பாதுகாத்த ஒரு அரச ஊழியர் இல்லாவிட்டால் ஆயிரம் பேர் கூடிப் பேசியும் பலனில்லை. இங்கே நாங்கள் கேட்க வேண்டியது அந்தப் பெட்டியைப் பற்றி: 2005 டிசம்பர் 25 அன்று சீல் வைத்த சான்றுப்பொருள் இன்று எந்த அலுமாரியில் இருக்கிறது?

துப்பறிதல் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. 2013 ஏப்ரலில் பொஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரெடிட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள், ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன்தான் ஆள் என்று முடிவு கட்டினார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இரவிரவாகத் தூற்றல். சில நாளில் அந்த மாணவனின் உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அவனுக்கும் குண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் நகரத்திலேயே சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, பிள்ளைகள் செத்தார்கள். நாலு நாள் கழித்துப் பொலிஸ் வெளியிட்ட சந்தேகநபர் படங்களில் ஒன்று, சம்பந்தமே இல்லாத அமெரிக்கப் பெண் ஒருவருடையது. பொலிஸ் தவறை ஒப்புக்கொண்டது, ஆனால் அதற்குள் படம் உலகம் சுற்றிவிட்டது. முகம் பார்த்து ஆள் சொல்வதில் பொலிசே இப்படித் தவறும் என்றால், இருபது வருடப் பழைய மங்கலான படத்தை வைத்து "இவர்தான் பக்கத்தில் நின்றவர்" என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமான விசயம் ஒன்று இருக்கிறது. அண்மைக்காலமாகச் சிலர் அன்று பூசைக்குப் போனவர்கள் யார், எந்த வாங்கில் யார் இருந்தது, பாடகர் குழுவில் யார் யார் என்று பின்னூட்டங்களில் கேட்டுப் பட்டியல் போடுகிறார்கள். கேட்கிறவர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கலாம். பெயர் விழுகிற ஆள் இன்னும் இதே ஊரில், அதே ஒழுங்கையில், பிள்ளை குட்டியோடு இருக்கிறார். சாட்சிகளைப் பாதுகாக்கிறோம் என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் வந்ததே 2015இல்தான், 4ஆம் இலக்கச் சட்டம். 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. அதற்கு முன் பத்து வருடம் அந்தச் சனங்கள் வாய் திறக்காமல் இருந்ததற்கு அவர்களைக் கோழை என்று எழுதுகிறவர்கள் அந்தக் காலத்து மட்டக்களப்பில் ஒரு கிழமை இருந்து பார்த்திருக்க வேண்டும். தயவுசெய்து பெயர் கேட்காதீர்கள், கேட்டுப் பதில் வந்தாலும் அழித்துவிடுங்கள். உண்மையில் எதையாவது கண்டவர் இருந்தால் அவர் பேச வேண்டிய இடம் ஒரு சட்டத்தரணியின் அறை. முதலில் பெயர் வெளியே போய்விட்டால் பிறகு அவர் எந்த மன்றத்திலும் பேசமாட்டார், அப்போது வழக்குக்கு மிச்சமிருந்த கடைசிக் கதவையும் நாங்களே சாத்தியவர்கள் ஆவோம். சடலத்தின் படமும் அப்படித்தான், வருடா வருடம் அதைப் பகிர்கிறவர்கள் அந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

சரி, அப்போ என்னதான் செய்யலாம்? நிறைய இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் பொது ஆவணம், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இந்தத் தீர்ப்பை எடுத்து வரிக்கு வரி தமிழில் எழுதிப் போட்டால் பத்து யூடியூப் பேச்சை விட அது உபகாரம். பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட் இருக்கிறது, கொலைக்கு முன் அவர் பேசியதும் கொலைக்குப் பின் சபையில் பேசப்பட்டதும் அதில் திகதியோடு கிடக்கிறது. உடலாகம ஆணைக்குழு அறிக்கை 2015இல் வெளிவந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்: சான்றுப்பொருள் யார் பொறுப்பில், பரிசோதனை அறிக்கை எந்தத் திகதியில் கையளிக்கப்பட்டது, விசாரணைக் கோவை திறந்திருக்கிறதா மூடப்பட்டதா. விசாரணைக்குக் குந்தகம் என்று சொல்லி அவர்கள் மறுக்கலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடும் செய்யலாம். எழுத்தில் வந்த ஒரு மறுப்புக்கூட ஒரு ஆவணம்தான்.

காலம் கடந்துவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 456ஆம் பிரிவு, கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் கால எல்லை இல்லை என்கிறது, மற்றக் குற்றங்களுக்குத்தான் இருபது வருடம். விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி நிறுத்த முடியாது என்பது பொதுவிதி. ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையில் பெயர் இல்லாத எவர் மீதும் புதிய சான்று வந்தால் வழக்குப் போடலாம். திட்டம் போட்டவர், துவக்குக் கொடுத்தவர், பாலத்தைத் திறந்து விட்டவர் என்று யாராவது இருந்தால் அவர்களும் அதற்குள் வருவார்கள். பழைய பத்திரிகை நறுக்கு, அந்த வாரம் எடுத்த அசல் படச்சுருள், அன்று எழுதிய நாட்குறிப்பு என்று வீட்டுப் பெட்டிக்குள் எது கிடந்தாலும் வெட்டி ஒட்டாமல், முகநூலில் போடாமல், ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். எடுத்த திகதியையும் எடுத்தவரின் பெயரையும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டு, இன்னொரு பிரதியை நம்பிக்கையான சட்டத்தரணியிடம் கொடுங்கள்.